மாப்பிள்ளைக்கு மாற்றிக் கட்டிய சைக்கிள்

பழைய சைக்கிளைத் தூக்கிப் போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஃபிரேம் நன்றாக இருந்தால் மற்றதையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். என் மாப்பிள்ளையின் மவுண்டன் சைக்கிள் ஆறு வருஷமாகக் கார் ஷெட்டில் சாய்ந்து கிடந்தது. முன்பக்க ஸ்பிரிங் ஃபோர்க் துருவேறி இறுகியிருந்தது, டயர் வெடிப்பு விட்டிருந்தது. ஃபிரேம் மட்டும் கல் மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கைபேசியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். யாரோ ஒருவன் இதே மாதிரிப் பழைய சைக்கிளைக் கிராவல் சைக்கிளாக மாற்றுகிற வீடியோ. கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், ஒல்லியான டயர், ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க். தார் ரோட்டிலும் ஓடும், ஜல்லிப் பாதையிலும் ஓடும். "நம்மளால முடியுமா மாமா?" என்றார். நம்மளால் என்று அவர் சொன்னது என்னைத்தான். ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது.

முடியும் என்றேன். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பராமரிப்பில் இருந்தவன் நான், அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் ஃபோர்மேன். இருபதாவது மாடிக்குப் பொத்தானை அழுத்திவிட்டு மூக்கைச் சொறிந்துகொண்டு நிம்மதியாக நிற்கிறீர்களே சார், அந்த நிம்மதி எங்கள் வேலை. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட எந்த பிரேக்கும் வழுக்கியதில்லை.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே இன்னொரு விஷயம் சொன்னாள். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டதாம், மூன்று மாதத்தில் இரண்டு பேரும் கிளம்புகிறார்களாம். அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது அவள் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு தலை வாரிவிட்டது, காய்ச்சலில் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் நான்தான். கல்யாணத்தின்போது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன், இரண்டு பேரும் என் வீட்டு மாடியில் இருக்க வேண்டும் என்று. மாப்பிள்ளை மண்டையை மண்டையை ஆட்டினார். இப்போது, வருஷத்துக்கு ஒரு தடவை கண்டிப்பாக வருவோம் மாமா என்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர்களுக்கு விருந்தாளி என்று பெயர். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன். கோபமா என்று கேட்காதீர்கள். கோபத்தோடு கை வைத்தால் வேலை நேர்த்தியாக வராது.

மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். பழைய பெயின்ட்டைத் தேய்த்துக் கரும்பச்சை அடித்தேன். ஃபோர்க்கை மாற்றினேன், புது ஹேண்டில்பாருக்கு நாடா சுற்றினேன். இரண்டு பக்கமும் நாடா ஒரே சாய்வில் இருக்க வேண்டும் என்று நான்கு முறை பிரித்துச் சுற்றினேன்.

இனி பிரேக். இதைக் கொஞ்சம் கவனித்து எழுதுங்கள். மவுண்டன் சைக்கிளின் பழைய பிரேக்குக்குக் கேபிளை நிறைய இழுக்க வேண்டும். வளைந்த ஹேண்டில்பாரில் வருகிற புதுப் பிடி அதில் பாதிதான் இழுக்கும். இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு சின்னக் கப்பி போட வேண்டும், சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, இரண்டும் வாங்கி வைத்திருந்தேன். இதோ, பிரிக்காத உறையோடு உங்கள் மேசையில் வைக்கிறேன். கப்பி இல்லாமல் மாட்டினால் என்ன ஆகும் என்றால், பிரேக் கட்டையைச் சக்கரத்துக்கு மயிரிழையில் வைத்துவிட்டால் பிடி கைக்குக் கெட்டியாக, ரொம்ப அருமையாக இருக்கும். யார் ஓட்டிப் பார்த்தாலும் பாராட்டுவார்கள். கட்டை ஓர் அரிசி கனம் தேய்ந்ததும் பிடி ஹேண்டில்பாரில் போய் முட்டும், சக்கரம் நிற்காது. மாப்பிள்ளை தினமும் ஆபீசுக்கு இறங்குவது நாலு கிலோமீட்டர் சரிவு. மழைக்காலம் வேறு, மண் ஒட்டிக்கொண்டு கட்டையை அரைக்கும். ஒரு மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். இருபத்தாறாவது நாளே பிரேக் கைவிட்டது.

அவர் உயிருக்கு ஆபத்து வர வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு கால், இல்லையென்றால் ஒரு தோள்பட்டை, அவ்வளவுதான் என் எண்ணம். ஆறு மாதம் படுத்தால் அந்த வேலை வேறு யாருக்காவது போயிருக்கும், எல்லாரும் பழையபடி இருந்திருப்போம்.

விழுவதற்கு இரண்டு நாள் முன்னால், ஷூ லேஸ் கட்டிக்கொண்டே மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, பிரேக் பிடி கொஞ்சம் உள்ள போற மாதிரி இருக்கு."

"புதுக் கேபிள் மாப்பிள்ளை, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். பழகிடும்" என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

போன் வந்ததும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சரிவின் கடைசித் திருப்பத்தில் சுவரில் மோதியிருக்கிறார். இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கீழறையைக் காலி செய்து அவருக்குக் கட்டில் போட்டேன். கதவை அகலப்படுத்தி, சக்கர நாற்காலி ஏற நானே சரிவுப் பலகை அடித்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைப் புரட்டிவிடுவதும் நான்தான், அதிலும் ஏனோதானோ கிடையாது. மகள் கட்டி வைத்திருந்த பெட்டிகளைப் பிரித்துவிட்டாள். வீடு நிறைந்திருந்தது.

பிறகு நீங்கள் ஒரு சைக்கிள் கடைக்காரரிடம் அபிப்பிராயம் கேட்டீர்கள். அவர் எழுதிக் கொடுத்தார்: மாற்றிக் கட்டியவருக்கு பிரேக் பற்றி அடிப்படை அறிவே இல்லை, தெரியாமல் செய்த பிழை. அத்தோடு விபத்து என்று கேஸை மூடப் பார்க்கிறீர்கள். அந்தக் காகிதத்தை என் மகள் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுப்பா. ஆசையா செஞ்சு குடுத்தீங்க, அவ்ளோதான்" என்றாள். படுக்கையிலிருந்து மாப்பிள்ளை சிரித்தார். "விடுங்க மாமா, நீங்க என்ன மெக்கானிக்கா?"

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள் இதையே சொல்கிறாள், பாவம், அப்பாவுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று. அவர்களும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். பதினொரு நாள் பொறுத்தேன். மனசாட்சி உறுத்தியது, அதனால்தான் நானாகவே வந்திருக்கிறேன்.

யோசித்துச் சொல்லச் சொல்கிறீர்கள். இதில் கையெழுத்துப் போட்டால் என் பெண் இனி என் முகத்திலேயே விழிக்க மாட்டாள் என்கிறீர்கள். அது எனக்குத் தெரியாதா சார். விழிக்க வேண்டாம். அந்தக் கடைக்காரர் எழுதியதை அடித்துவிட்டு, நான் சொன்னபடி எழுதி, அவளுக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். பிரேக்கைப் பற்றிய பகுதியை மட்டுமாவது அவள் முழுசாகப் படிக்க வேண்டும்.