வெள்ளைக் காரின் இடது பின்கதவு

என் பெயர், கடவுச்சீட்டு எண், ஊர் முகவரி ஆகியவை இந்தத் தாளின் மேலே எழுதியபடி சரியானவை. வயது நாற்பத்து நான்கு. வாகன உதிரிபாகங்கள் விற்கும் கடையில் மேலாளராக வேலை செய்கிறேன். என் மனைவியுடனும் அவளுடைய தகப்பனாருடனும் விடுமுறைக்காக இந்த நாட்டுக்கு வந்தேன். மனைவியின் தகப்பனாரை நான் மாமா என்று அழைப்பது வழக்கம், இதிலும் அப்படியே சொல்கிறேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் அம்மா எழுதிக்கொள்கிறார். இன்று காலை வாடகைக் கார் நிறுவனத்தின் வளாகத்தில் வைத்து நான் காவலரிடம் சொன்னவற்றில் பொய் இருக்கிறது. அதைத் திருத்தவே இந்த வாக்குமூலம். இங்கே யாரும் என்னை மிரட்டவில்லை. உட்கார நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்கள்.

நாங்கள் வந்து இறங்கியதும் விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் அந்த நிறுவனத்துக்குப் போய் ஒரு வெள்ளைக் காரை எடுத்தோம். மேசையில் இருந்த பெண் எனக்குப் புரியும் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். காருக்கு அடிபட்டால் காப்பீடு உண்டு என்றும், ஆனால் எக்ஸஸ் என்று ஒரு தொகை வரை வாடகைக்கு எடுத்தவரே ஏற்க வேண்டும் என்றும், அந்தத் தொகையை டெபாசிட்டாக என் கிரெடிட் கார்டில் பிடித்து வைத்து, கார் பழுதில்லாமல் திரும்பி வந்தால் விடுவிப்பார்கள் என்றும், நாள் வாடகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் எக்ஸஸே கிடையாது என்றும் சொன்னார். என் மனைவி, "கட்டிடலாங்க, நிம்மதியா ஊர் சுத்தலாம்" என்றாள். நான், "இருபது வருஷமா கார் சாமானோட குடும்பம் நடத்துறவன்கிட்டயே காது குத்தப் பார்க்குறாங்க" என்று சொல்லிச் சிரித்தபடி மறுத்துவிட்டேன். மேசைப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. நான் சிரித்த விதம் மட்டும் புரிந்திருக்கும்.

அதன் பிறகு அவர் வெளியே வந்து, காரை நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது உதவும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கைப்பேசியை மனைவியிடம் கொடுத்தேன். எங்கள் வீட்டில் ஆள் இல்லாமல் படம் எடுத்துப் பழக்கம் கிடையாது. முன்பக்கத்தில் நானும் மாமாவும் நின்றோம், பின்பக்கத்தில் நான் டிக்கியில் கை ஊன்றி நின்றேன், இடதுபக்கம் மாமா தனியாகப் பின்கதவில் சாய்ந்து இரண்டு கைகளையும் விரித்து நின்றார். மனைவி, "அப்பா, பல்லு தெரியச் சிரிங்க" என்று சொல்லிச் சொல்லி எடுத்தாள். மாமா வெளிநாடு வருவது இதுதான் முதல் தடவை.

கார் கைக்கு வந்ததிலிருந்து நான் நானாக இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். வீட்டிலும் நான் இப்படித்தான், இங்கே கொஞ்சம் கூடிப்போனது, அவ்வளவுதான். யார் கதவில் கை வைத்தாலும், "மெதுவா, மெதுவா, டெபாசிட் போயிடும்" என்பேன். காருக்குள் யாரையும் எதுவும் சாப்பிட விடவில்லை. மாமா பார்க்க ஆசைப்பட்ட கடற்கரைக்குக் கல் பாதை வழியாகப் போக வேண்டியிருந்ததால், அடியில் கல் தெறிக்கும் என்று சொல்லி வண்டியைத் திருப்பிவிட்டேன். ஒரு கடை வாசலில் மனைவி கதவைச் சற்று வேகமாகத் திறந்தபோது, போகிற வருகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு அவளைத் திட்டினேன். "உங்க அப்பன் வீட்டு வண்டின்னு நெனச்சியா?" என்று கேட்டேன். அவளுடைய அப்பன் அப்போது பின்சீட்டில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கு மறுநாளிலிருந்து மாமா காலையில் எங்களுக்கு முன்னால் எழுந்து, விடுதி வாசலில் நிற்கும் காரைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். நான் மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துவிட்டு மனைவியிடம், "உங்க அப்பாகிட்ட கத்துக்கோ, பொறுப்புன்னா இதுதான்" என்றேன். அவள் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை காரைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். மழை விட்ட சாலையில் ஓட்டியதால் கார் முழுக்கச் சேறாக இருந்தது. அங்கே வேலை செய்யும் கார் கழுவுபவர், ஏறக்குறைய என் வயதுக்காரர், சேறு போனால்தான் சரிபார்க்க முடியும் என்று சைகையால் சொல்லிவிட்டுக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார். அதன் பிறகு டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தவர், இடது பின்கதவு அருகே நின்று என்னைக் கூப்பிட்டார். கதவின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் பெயர்ந்து உள்ளே தகரம் தெரிந்தது. அதுவரை நான் அந்தக் கீறலைப் பார்த்ததில்லை, இது உண்மை. தினமும் இறங்கும்போது நான்கு கதவையும் பார்த்துவிட்டுத்தான் வண்டியைப் பூட்டுவேன். பக்கத்தில் சக்கரம் வைத்த இரும்பு வேக்குவம் இயந்திரம் ஒன்று நின்றது. அதை இழுத்துப் போகும்போது அவர்தான் இடித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அவர், எடுக்கும்போது பிடித்த படங்கள் இருக்கிறதா என்று கேட்டார். நான் கைப்பேசியைத் திறந்து கெத்தாகக் காட்டினேன். எல்லாப் படத்திலும் கார் இருந்தது, காருக்கு முன்னால் நாங்கள் இருந்தோம். இடதுபக்கப் படத்தில் மாமா கதவையே மறைத்துக்கொண்டு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார், கதவின் கைப்பிடி மட்டும் தெரிந்தது. கார் கழுவுபவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட எண்ணத்தோடு அவர் சிரிக்கவில்லை. யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைக்கேறிவிட்டது. அவர் டேப்லெட்டில் கீறலைப் படம் எடுக்கப் போனபோது, பதிவு செய்யாதே என்று அதைப் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை. அதன் பிறகு நான் அவர் மார்பில் கை வைத்துத் தள்ளினேன். அவர் பின்னால் இருந்த சிமென்ட் மேடையில் வலது கை மடங்க விழுந்தார். கத்தவில்லை. ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற கையால் தரையில் கிடந்த டேப்லெட்டை எடுத்து, கண்ணாடி உடைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்.

அதன் பிறகு அலுவலகத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள், காவலரும் வந்தார். காவலரிடம் நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இயந்திரம் கதவில் இடித்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றும், கேட்கப் போன என்னை அவர்தான் முதலில் தள்ளினார் என்றும் சொன்னேன். இரண்டும் பொய். அதைக் கேட்ட நிறுவன மேலாளர் கார் கழுவுபவரிடம் ஏதோ சொன்னார். அவர் கழுத்தில் மாட்டியிருந்த வேலை அட்டையை இடது கையாலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு ஆம்புலன்சில் ஏறினார். விசாரணை முடியும் வரை அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். டெபாசிட் தப்பித்தது என்றுதான் அப்போது நினைத்தேன். நினைத்ததைச் சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது.

அதன் பிறகு எங்களை இந்த நிலையத்துக்கு அழைத்து வந்து, மொழிபெயர்ப்பாளர் அம்மா வந்ததும் என் புகாரில் கையெழுத்து வாங்குவதாகச் சொன்னார்கள். அவர் வருவதற்கு முன்பே மாமா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, கையெழுத்து போடாதீங்க. அது நான் பண்ணது" என்றார்.

கடை வாசலில் நான் திட்டிய அன்று இரவு, பெட்ரோல் போடும் இடத்தில் நான் பணம் கட்ட உள்ளே போயிருந்தபோது, ஒன்றுக்குப் போவதற்காகக் கதவைத் திறந்ததாகவும், கதவு இரும்புக் கம்பத்தில் மோதிவிட்டதாகவும் சொன்னார். அன்று இருட்டில் கதவுகளைப் பார்த்தபோது அது என் கண்ணில் படவில்லை. மறுநாளிலிருந்து தினமும் விடியற்காலையில் கீறலில் பற்பசையை அப்பி, காய்ந்ததும் துணியால் வழித்து, வெள்ளையோடு வெள்ளையாக்கி வைத்திருக்கிறார். கார் கழுவுபவரின் தண்ணீரில் அந்தப் பற்பசை கரைந்து போயிருக்கிறது. நான் ஜன்னலிலிருந்து பார்த்து மெச்சிய பொறுப்பு இதுதான்.

இதைக் கேட்ட பிறகாவது நான் சரியாக நடந்திருக்க வேண்டும். அந்த அறையில் எங்களைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது மாமா, சும்மா உக்காருங்க" என்று சொல்லி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவர் உடனே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு எழுபத்தொரு வயது.

அதன் பிறகு என் மனைவி எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து பற்பசைக் குழாயை எடுத்து அதிகாரியின் மேசை மேல் வைத்து, தனக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கில வார்த்தைகளில் நடந்ததைச் சொன்னாள். அவளுக்குக் கீறல் விழுந்த அன்றே தெரியும். பற்பசையைக் கொடுத்ததே அவள்தான்.

மொழிபெயர்ப்பாளர் அம்மா வந்ததும் அதிகாரி மாமாவிடம், சின்ன கீறல்தானே, அன்றைக்கே உங்கள் மருமகனிடம் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

"என்னைத் திட்டினா பரவாயில்லைம்மா. ராத்திரி கதவைச் சாத்தினதும் என் பொண்ணை என்ன பேசுவாரோன்னு பயம்" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் அம்மா அதை அதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். அப்படியெல்லாம் இல்லப்பா என்று என் மனைவி சொல்வாள் என நான் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

ஆகவே நான் கூறுவது: கார் கழுவுபவர் காரை இடிக்கவில்லை. அவர் என்னைத் தொடவும் இல்லை. நான்தான் அவரைத் தள்ளி, கை ஒடியக் காரணமானேன். அவர் மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன். அவர் வேலை அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்படி இன்றைக்கே அந்த நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். எக்ஸஸ் தொகையை எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவரைத் தள்ளியதற்கான நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன்.

இவ்வளவும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. மாமா சொன்ன அந்த வரி இந்த வழக்குக்குத் தேவையில்லை, குடும்ப விஷயம், நான் விரும்பினால் அடித்துவிடலாம் என்று அதிகாரி சொன்னார். என் மனைவி கேட்டுக்கொண்டு நின்றாள். அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மற்றதைப் போல அதுவும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)