நாலு சாம்பல் டிரக்குகள்

பிஸ்கட்டை டீயில் தோய்த்துச் சாப்பிடுங்கள், அப்படியே கடித்தால் பல் போய்விடும். கீழே இருக்கும் கம்பளக் கடைக்காரர் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த டப்பா அது. லண்டனிலிருந்து இந்த ஓஸ்வெஸ்ட்ரி வரைக்கும் ரயில் மாறி மாறி வந்திருக்கிறீர்கள், கோபம் இருக்கத்தான் செய்யும். நான் எழுதிய வீடியோ விளையாட்டில் எந்தப் பிள்ளையாலும் கடைசிப் பந்தயத்தை ஜெயிக்க முடியவில்லை என்று அம்மாக்கள் உங்கள் கம்பெனிக்குப் போன் செய்கிறார்கள் என்கிறீர்கள். உண்மைதான். ஜெயிக்க முடியாது.

காசு போட்டு ஆடும் பெரிய மெஷினில் இந்தச் சேற்றுப் பந்தயத்தை நீங்களும் ஆடியிருப்பீர்கள். அதில் ஸ்டீயரிங் உண்டு, காலுக்குப் பெடல் உண்டு, சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்று நாலு டிரக் உண்டு. அதைச் சட்டைப்பையில் போடும் கருவிக்குள் அடக்கித் தரச் சொன்னது உங்கள் கம்பெனி. அந்தக் கருவியின் திரையில் நிறமே கிடையாது. நாலு டிரக்கும் சாம்பல். முதல் வளைவில் முட்டிக்கொண்ட பிறகு எது யாருடையது என்று பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

எனக்கு அது வசதியாகப் போயிற்று. விளையாட்டைப் பதித்துக் கருவியில் செருகும் கேட்ரிட்ஜில் இடம் தீர்ந்துவிட்டது. படம் வரையும் ஹிலரி, ஜெயித்தவன் கோப்பையைத் தூக்கிப் பிடிப்பதாக ஒரு படம் போட்டு வைத்திருந்தாள். நல்ல படம், ஆனால் இடமில்லை. படமே இல்லாதபோது வெற்றி மட்டும் எதற்கு? ஆகவே கடைசிப் பந்தயத்தில் எந்த டிரக் முதலில் வந்தாலும், 'நீ இரண்டாவது' என்று திரை சொல்லும்படி எழுதிவிட்டேன். இரண்டாவது ஒன்றும் கெட்ட இடமில்லை. பள்ளிக்கூடத்தில் நான் அந்தப் பக்கம்கூடப் போனதில்லை.

க்ளின்னைப் பற்றிக் கேட்டீர்கள். விளையாட்டை ஆடிப் பார்த்துக் குறை சொல்வது அவன் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் விவசாயிகளின் வயலில் ஒரு பழைய மினி காரை நிஜமாகவே சேற்றுப் பந்தயத்தில் ஓட்டுகிறவன். மாவட்ட இறுதிப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தான். இங்கே வந்த முதல் மத்தியானமே கடைசிப் பந்தயத்தில் முதலில் வந்துவிட்டான். திரை இரண்டாவது என்றது.

"நெவில், நான்தானே முன்னாடி வந்தேன்? நீ பாத்தியா இல்லையா?"

"நீ பாத்தது அடுத்தவன் வண்டிடா. உன்னோடது பின்னாடி வந்துச்சு."

வேறென்ன சொல்வது? உண்மையைச் சொன்னால், அவள் கோப்பைப் படத்தை நான் எடுத்துவிட்டது ஹிலரி காதுக்குப் போகும். அவன் மறுபடி மறுபடி ஜெயித்தான், நானும் பொறுமையாகத் திருத்தினேன். கண்ணைக் கசக்க ஆரம்பித்தான். கண் பரிசோதனைக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த அம்மாள், இவன் கண்ணுக்கு ஒரு கோளாறும் இல்லை என்று சாதித்தாள். அவள் சரியாகப் பார்க்கவில்லை என்று படி இறங்கும்போதே க்ளின்னிடம் சொன்னேன். மருந்துக்கடையில் விற்கும் ரெடிமேட் கண்ணாடி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு அலுவலகக் கதவில் முட்டிக்கொண்டான். அதன் பிறகு அவனுக்குக் கதவைத் திறந்து பிடிப்பதே நான்தான். கல்நெஞ்சக்காரன் இல்லை நான்.

போன வாரம் வந்து உட்கார்ந்தான்.

"நாலு வண்டில என்னோடது எதுன்னே தெரியல. வயல்ல எவன் மேலயாவது ஏத்திட்டேன்னா? மினிய வித்துடறேன்டா."

சொல்லிவிட்டு அழுதான். எனக்கும் மனசு சங்கடமாகிவிட்டது. நல்ல முடிவு என்று தட்டிக்கொடுத்தேன். வருகிற சனிக்கிழமை வாங்கிய ஆள் வந்து காரை எடுத்துப் போகிறான், மறுநாள்தான் இறுதிப் போட்டி.

இடமெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்கிறீர்கள். விளையாட்டு தொடங்கும்போது முகமெல்லாம் சேறாக ஒருவர் சிரிப்பாரே, அது நான். ஹிலரியிடம் சொல்லி வரைய வைத்தேன். அந்தப் படமும் கோப்பைப் படமும் ஒரே அளவு. இரண்டில் ஒன்றுதான் உள்ளே போகும்.

அடுத்த பதிப்பில் என் முகத்தை எடுத்துவிட்டுக் கோப்பையைப் போடு, சனிக்கிழமைக்கு முன்னால் அந்தப் பையனிடம் சொல்லிவிடு என்கிறீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். க்ளின் ஒரே ஒருத்தன். என் முகமோ நாடு முழுக்க வீட்டுக்கு வீடு போகிறது. எங்கள் அம்மா தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் காட்டிவிட்டாள். அதை எப்படி எடுப்பது?

நீங்களே சொல்லப் போகிறீர்களா? தாராளமாகச் சொல்லுங்கள், பக்கத்து அறையில்தான் ஆடிக்கொண்டிருக்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அது நிஜமா என்று என்னிடம்தான் வந்து கேட்பான்.