குதிரை ஊசியும் ஐந்து மணி பஸ்ஸும்

1966 ஜூன் 11, சனிக்கிழமை முதல், காரைக்குடியிலிருந்து நாச்சியாபுரம் போகும் கடைசி பஸ் எங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஐந்தரைக்குப் பதிலாக ஐந்து மணிக்கே வர ஆரம்பித்தது.

சிவகங்கையிலிருந்து விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் இதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் நான் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தத் தர்ம ஆஸ்பத்திரியில் நான் பதினெட்டு வருடமாகக் கம்பவுண்டர். டாக்டர் காலையில் மட்டும் வருவார். மாலை நான்கு மணிக்கு மேல் வருகிற அரிவாள் வெட்டு, முள், ஆணி எல்லாம் என் பொறுப்பு. காயத்தைக் கழுவிக் கட்டி, ரணஜன்னி என்கிற டெட்டனஸ் வராமலிருக்க ஓர் ஊசி போடுவேன். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து. ஜனங்கள் குதிரை ஊசி என்பார்கள். வந்த நோய்க்கு அல்ல, வரக்கூடிய நோய்க்குப் போடுவது. சிலருடைய உடம்பு குதிரையை ஏற்காது, மூச்சு அடைத்துவிடும். அதனால் முதலில் முன்கையில், தோலுக்கடியில் ஒரு சொட்டு மட்டும் போட்டு அரை மணி நேரம் பார்க்க வேண்டும். தடித்தால் ஊசி கிடையாது, மறுநாள் டாக்டர் பார்ப்பார். அவர் வகுத்த விதி. நல்ல விதி.

பஸ் நேரம் மாறிய அடுத்த வாரம் சின்னச்சாமி என்ற கொத்தனார் வந்தார். கண்டனூரில் ஒரு பழைய வீட்டில் வேலை செய்தபோது காலில் ஆணி ஏறியிருந்தது. சொட்டு போட்டுவிட்டு, அரை மணி கழித்து இன்னொரு ஊசி உண்டு என்றேன்.

"ஒரு ஆணிக்கு ரெண்டு ஊசியா? அதுக்கு ஆணியே தேவலைங்க" என்று சிரித்தார். நான் அடுத்தவருக்குக் கட்டுப் போட்டுவிட்டுத் திரும்பியபோது பெஞ்சில் அவர் இல்லை. பஸ் போயிருந்தது.

ஒன்பதாம் நாள் வண்டியில் கொண்டுவந்தார்கள். தாடை பூட்டிக்கொண்டு, முதுகு வில்லாக வளைந்திருந்தது. நான்கு நாள் இருந்தார். அவர் மனைவி பொன்னுத்தாயி அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஊசி போட்டீகள்ல?"

போட்டது ஊசி அல்ல, வெறும் சோதனை. அந்தக் கேள்வியை இன்னொரு முறை யாரும் என்னிடம் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தேன். மறுநாளிலிருந்து சோதனையை நிறுத்திவிட்டேன். வந்தவுடன் முழு ஊசி. பதிவேட்டில் 'சோதனை: தடிப்பு இல்லை' என்று எழுதுவதை நிறுத்தவில்லை.

ஐந்து வருடத்தில் ஏறக்குறைய மூவாயிரம் ஊசி. ரணஜன்னியில் ஒருவர்கூடச் சாகவில்லை. நீங்கள் வேண்டுமானால் சுற்றுவட்டாரத்தில் விசாரித்துக்கொள்ளலாம். ஊசியே இல்லையென்றால் பத்துப் பேராவது போயிருப்பார்கள். போன மாதத்துக்கு முன்பு வரை ஊசியால் போனவர்கள் இரண்டு பேர். முத்தப்பன், 1968. அக்கம்மாள், 1970. முத்தப்பனுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று, அக்கம்மாளுக்கு அதைவிடக் குறைவு. மாரடைப்பு என்று வீட்டாரிடம் சொன்னேன், நம்பினார்கள். பத்தில் இரண்டு போக எட்டு. பிழைத்த எட்டுப் பேருக்குத் தாங்கள் பிழைத்தது தெரியாது. அதனால் எனக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இருவருக்குமே மூச்சு இழுப்பு நோய் இருந்தது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். 'இழுப்பு உண்டா?' என்று கேட்க அரை மணி வேண்டாம், அரை நிமிடம் போதும். யோசித்துப் பார்த்தேன். உண்டு என்று ஒருவர் சொல்லிவிட்டால் ஊசி போடாமல் அனுப்ப வேண்டும். பிறகு ரணஜன்னி வந்தால் அது என் கணக்கு. கேட்காமல் போட்டால் அவருடைய விதி. ஆகவே கேட்கவில்லை.

பதிவேட்டில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தடிப்பை அளந்து எழுதியிருப்பதை நேற்று நீங்கள் சுட்டிக்காட்டினீர்கள். அது என் மகள் புஷ்பவள்ளி. கருவேல முள் குத்தியிருந்தது. சொட்டு போட்டு அரை மணி அல்ல, முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இதில் பாரபட்சம் எதுவும் இல்லை. எங்கள் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால்தான். அவளுக்குப் பிடிக்க வேண்டிய பஸ் இல்லை.

இனி மருது விஷயம். போன மாதம், 1971 ஆகஸ்ட் 18. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தபோது உள்ளே வந்தார். படிக்கட்டுத் தகரம் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. வரிசையில் ஏழு பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் அவரைத் தெரியும்.

"உள்ள போ, உள்ள போன்னு எங்கள நெருக்குவீகள்ல? இப்ப நீங்க போங்க உள்ள" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்து வழிவிட்டார்கள். அவரும் சிரித்தார். நான் மருந்தை ஏற்றியதும் சிரிப்பை நிறுத்தினார்.

"கம்பவுண்டரே, இது குதிரை ஊசியா? ரெண்டு வருசத்துக்கு முந்தி மதுரையில போட்டு ஒடம்பெல்லாம் தட்டுத் தட்டாத் தடிச்சுப்போச்சு. சொட்டு விட்டுப் பார்த்துட்டுப் போடுங்க. நான் இருந்து போட்டுக்கிறேன்."

ஏழு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சொட்டு விட்டால், எங்களுக்கு ஏன் விடவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் ஐந்து வருடத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அதோடு ஊசி என்றாலே ஜனங்களுக்குப் பயம் வந்துவிடும். ஒருவரின் சந்தேகத்துக்காக ஊரின் நம்பிக்கையைக் கெடுப்பது சரியாகப் படவில்லை.

"அது பழைய மருந்து, இது வேற" என்றேன். இரண்டும் ஒன்றுதான். சோதனை இல்லாமல், தெரிந்தே போட்டேன்.

ஒன்பது நிமிடம். அவர் பெயருக்கு நேரே 'தடிப்பு இல்லை' என்று எழுதினேன். நீங்கள் பார்த்தது என் கையெழுத்துதான். எல்லாம் அந்தப் பஸ்ஸின் நேரத்தை மாற்றியதால் வந்தது என்பதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

மருதுதான் அந்த ஐந்து மணி பஸ்ஸின் கண்டக்டர். அன்று பஸ் வாசலிலேயே நின்றது. காரைக்குடியிலிருந்து வேறு கண்டக்டர் வந்த பிறகு, ஏழே காலுக்குப் புறப்பட்டது.