நாற்பத்திரண்டாவது பறவை

இந்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்துவிடுங்கள், ஐயா. தாகம் இல்லாமல் இல்லை. பதினொரு வருடமாக நான் பிளாஸ்டிக்கில் எதையும் குடித்ததில்லை. இன்றைக்கு ஒரு நாளுக்காக அதை ஏன் கெடுத்துக்கொள்வது? ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர் கொடுத்தால் போதும்.

தீவில் இருக்கும் என் விடுதியில் ஆறு குடிசைகள். மரமெல்லாம் காற்றில் விழுந்தவை, ஒன்றைக்கூட நாங்கள் வெட்டவில்லை. கூரைக்குச் சாகோப் பனை ஓலை. குடிக்க மழைத்தண்ணீர், விளக்குக்கு வெயில். குடாவுக்குள் எஞ்சின் படகு வரக்கூடாது, துடுப்பு மட்டும்தான். நான்காம் குடிசை வாசலில் எறும்புப் புற்று இருந்ததால் படிக்கட்டை வளைத்துக் கட்டினேன். "எறும்புக்குப் பட்டா எழுதிக் குடுத்துட்டா என் பொண்டாட்டி" என்று என் கணவர் லம்பெர்த் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். விடுதி தொடங்கிய நான்காவது வருடம் மலேரியாவில் போய்விட்டார். ஆறாம் குடிசைக்குப் பின்னால்தான் புதைத்திருக்கிறோம். அவர் இறந்த அதே வருடம் குடாவுக்குள் முதல் சுறாக்குட்டி வந்தது. அதைப் பார்த்து நான் அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அவரைப் புதைத்தபோது அப்படி அழவில்லை.

எஸ்கியேல் என் தம்பி. அம்மா இறந்தபோது அவனுக்கு இரண்டு வயது, எனக்குப் பதினான்கு. என் இடுப்பில்தான் வளர்ந்தான். எங்கள் பேச்சில் மூத்தவளைக் 'காகா' என்போம். அவன் முதலில் பேசிய சொல்லே அதுதான். ஆறு குடிசைக்கும் கூரை போட்டவன் அவன். கைவேலை அவ்வளவு சுத்தம். ஆனால் அப்பாவிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தான். கடலில் பாட்டில் குண்டு போட்டு மீன் பிடிப்பது. அந்தக் குண்டுகளால் அப்பா காலத்தில் எங்கள் கடல் சுண்ணாம்புக் குப்பையாகக் கிடந்தது, ஐயா. பவளம் மறுபடி தழைக்க இருபது வருடம் ஆனது.

எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "உன் விருந்தாளிங்க சுறாவைப் பாத்து வாயப் பொளந்துட்டுக் கப்பல் ஏறிடுவாங்க. என் பிள்ளைங்க பாத்துட்டே இருந்தா வயிறு நெறையுமா, காகா?" என்பான். கோபமாகச் சொல்ல மாட்டான். சிரித்துக்கொண்டே சொல்வான், அதுதான் கஷ்டம்.

போன வருடம், இயற்கையைக் கெடுக்காத விடுதி என்று பசுமைச் சான்று கொடுக்கிறவர்கள் வந்திருந்தபோது அவன் போட்ட குண்டு அவர்கள் காதில் விழுந்தது. இன்னொரு முறை நடந்தால் சான்று ரத்து என்று எழுதிவிட்டுப் போனார்கள். சான்று போனால் விருந்தாளிகள் வர மாட்டார்கள். அப்படி ஆனால் குடாவைப் பெரிய ஹோட்டல்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று எங்கள் குலத்துப் பெரியவர்கள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். அவர்கள் முதல் வேலையாகப் பவளத்தை வெட்டிக் கப்பலுக்கு வழி போடுவார்கள். லம்பெர்த்தின் மேல் நீச்சல் குளம் கட்டுவார்கள். நான் தூங்கி ஒரு வருடமாகிறது.

இந்த வருடத்துப் பரிசோதகர், வெரேனா என்கிற அம்மாள், திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அதற்காக விடுதியைக் காலியாக வைத்திருந்தேன், வேலைக்கு இருப்பவர்களும் ஊருக்குப் போயிருந்தார்கள். சனிக்கிழமை காலை குடாவுக்குள் ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம்தான். ஊர் மலைக்கு அந்தப் பக்கம், அங்கே கேட்டிருக்காது. துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு போனேன்.

பாட்டில் அவன் கையிலேயே வெடித்திருந்தது. படகு பிளந்து மூழ்கிவிட்டது. மலையடி வளைவில், விடுதியிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு பாறைத் திட்டு உண்டு, அதில் ஏறிக் கிடந்தான். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. காலும் சரியில்லை. என் கைலியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். என் தண்ணீர்க் குடுவையை அவனிடம் வைத்தேன். என் துடுப்புப் படகு ஒருவர் உட்காருவது, அதில் அவனை ஏற்ற முடியாது.

"போய் எஞ்சின் போட்டக் கொண்டாறேன்டா" என்றேன்.

"குடாவுக்குள்ள எஞ்சினா?" என்றான். அந்த நிலையிலும் அவனுக்குக் கிண்டல். "உன் சட்டம் என்ன ஆவுறது, காகா? எறும்புங்க கேஸ் போடும்."

"வாய மூடிட்டுப் படுடா."

"சீக்கிரம் வா. வலி தாங்கல."

திட்டைச் சுற்றிச் சுறாக்குட்டிகள். அத்தனையை ஒன்றாக நான் பார்த்ததே இல்லை. எண்ணினேன், இருபத்துமூன்று. ஏன் வந்தன என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

குடாவுக்கு வெளியே இருக்கும் விடுதித் துறைக்கு வந்து எஞ்சின் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்தது. பிடிக்காமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும், குறை சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். படகில் உட்கார்ந்தேன். அவனை ஊர் நர்சிடம் கொண்டுபோக வேண்டும். அப்படிப் போன கை எதனால் போனது என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எந்தக் குடாவில் என்று அடுத்துக் கேட்பார்கள். திங்கட்கிழமை அந்த அம்மாள் கரையில் இறங்குவதற்குள் அவர் காதுக்குப் போயிருக்கும். எண்ணெய் வீணாகிறதே என்று எஞ்சினை அணைத்தேன். பிறகு அதை மறுபடி இழுக்கவில்லை.

நீங்கள் சோரோங் நகரத்திலிருந்து வந்த போலீஸ்காரர். எங்கள் ஊர்ச் சாசியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். சாசி என்பது கடலைப் பூட்டுவது. மீனும் சங்கும் பெருக, கோயிலில் ஜெபம் செய்து, கரையில் தென்னங்குருத்துக் கட்டிய கம்பத்தை நட்டுவிட்டால், திறக்கும் நாள் வரை அந்தத் தண்ணீருக்குள் யாரும் துடுப்பு வைக்க மாட்டார்கள். அங்கிருந்து ஒரு குரல் கூப்பிட்டால் பதில் கொடுக்கவும் மாட்டார்கள். அது மனிதக் குரல் இல்லை, பதில் கொடுத்தவரைக் கடல் எடுத்துக்கொள்ளும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதனால்தான் கம்பம் நடும்போது பாஸ்டர் கடலைப் பார்த்து மூன்று முறை கேட்பார், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று. சாசி வைக்கச் சொல்லிக் கேட்டவர் மூன்று முறையும் பதில் சொல்ல வேண்டும். சாசி கேட்பவர் முதல்நாள் குடா முழுக்கத் தேடிவிட்டுத்தான் வருவார். அந்தப் பதிலை எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

குடாவை அடுத்த மாதம் பூட்டுவதாக இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் எழுந்து நின்றேன். சுறாக்குட்டிகள் முன்கூட்டியே வந்துவிட்டன, இருபத்துமூன்று எண்ணினேன், இன்றே பூட்ட வேண்டும் என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். "ஓர்பா சொன்னா கடல் சொன்ன மாதிரி" என்றார். எஸ்கியேலின் மனைவி வெல்மினா என் பக்கத்தில்தான் நின்றாள். "உங்க தம்பி சோரோங்குக்குப் போறேன்னு கூடச் சொல்லாமப் போயிட்டாரு அண்ணி, வரட்டும் பேசிக்கிறேன்" என்றாள்.

குடாக் கரையில் கம்பம் நட்டோம். கீழ்க்காற்று பலமாக அடித்தது. பாஸ்டர் சங்கு ஊதிவிட்டுக் கேட்டார்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

யாரும் இல்லை என்றேன். மூன்று முறை.

இந்த இடத்தில் நீங்கள் பேனாவை நிறுத்துவீர்கள் என்று தெரியும். போன மாதம் இதே பாஸ்டர் பிரசங்கத்தில் சொன்னார், "கடல்ல குண்டு போடுறவன்லாம் ஒரு ஆளே இல்ல" என்று. கோயிலே சிரித்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எஸ்கியேல்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். நான் பாஸ்டர் சொன்னதைத்தான் சொன்னேன்.

அவனைச் சாகவிட வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த அம்மாள் வியாழக்கிழமை காலை கப்பல் ஏறியதும் பாஸ்டரிடம் சொல்லிச் சாசியைத் திறக்கலாம் என்றிருந்தேன். அவன் உடம்பு இரும்பு. சின்ன வயதில் தென்னை மரத்திலிருந்து விழுந்து எழுந்து நடந்தவன். வியாழன் வரை தாங்குவான் என்று உண்மையாகவே நம்பினேன். திங்கட்கிழமை எஞ்சின் படகை எடுத்தேன். துறைமுகத்துக்குப் போய் அந்த அம்மாளை அழைத்துவர.

பகலில் காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். சாயங்காலம் காற்று தணிந்தால் மலையடி வளைவிலிருந்து ஒரு குரல் கேட்கும். சமையற்கட்டில் சமையற்காரி தோர்சிலா பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். உதவிக்கு இருந்தவளிடம், "காதுல வாங்காத. சட்டியத் தேய்" என்றாள். பிறகு இருவரும் சத்தமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு தேய்த்தார்கள். என் மேல் எத்தனை நம்பிக்கை வைத்திருந்தார்கள் பாருங்கள்.

வெரேனா அம்மாள் நல்லவர். கழிவுக் குழியைக் கையால் கிளறிப் பார்த்தார். கூரை முடைந்தது யார் என்று கேட்டார். என் தம்பி என்றேன். ரொம்ப நேர்த்தி என்று புகைப்படம் எடுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எலுமிச்சைப்புல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அது என்ன பறவை?"

நானும் கேட்டேன். காகா. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும், காகா. இரண்டு வயதில் தொட்டிலிலிருந்து கூப்பிடுகிற மாதிரி. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எழுந்து ஓடிப் படகை எடுத்திருந்தால் கால் மணி நேரம்.

"கொண்டைக்கிளியா?" என்றார் அவர்.

"இல்லைங்கம்மா. இது வேற. பாறைக்குள்ள இருக்கும், கண்ணுல படாது. இந்த மாசத்துல மட்டும்தான் கத்தும்."

அவர் குறிப்பேட்டில் பறவைப் பட்டியலைத் திறந்து எழுதினார். காதில் கேட்டது, கண்ணில் படவில்லை என்றும் எழுதிக்கொண்டார். மிகவும் கவனமான பெண்.

புதன்கிழமை ஒரு முறைதான் கேட்டது. சாகோ மாவு மூட்டையோடு வந்திருந்த வெல்மினா அதைக் கேட்டுவிட்டாள். "அது என் புருசன் கொரல்" என்று கரைக்கு ஓடினாள். நான்கு பெண்கள் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள், அவளைக் காப்பாற்றத்தான். நானும் ஒரு கையைப் பிடித்திருந்தேன். வியாழக்கிழமை விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு கம்பத்தைத் தாண்டிப் போய்விட்டாள். அவன் உடலோடு அவள் திரும்பி வந்தபோது நான் அந்த அம்மாளைக் கப்பல் ஏற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். பாஸ்டரைப் பார்க்கத்தான் கிளம்பிக்கொண்டிருந்தேன், தலையைக்கூட வாரிவிட்டேன்.

அவன் கையைச் சுற்றியிருந்தது என் கைலி. பக்கத்தில் இருந்தது நான் இருக்கும் ஆறாம் குடிசையின் எண் பொறித்த என் எஃகுக் குடுவை. அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலாக இருந்திருந்தால் யாருடையது என்று கேட்கவே முடிந்திருக்காது.

சாசியை மீறியதற்காக ஊர்க்கூட்டம் வெல்மினாவுக்கு ஒரு பன்றி அபராதம் போட்டது. புருஷனை இழந்தவள், விட்டுவிடுங்கள் என்று நான்தான் எழுந்து பேசினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆமாம், அவன் அங்கே இருப்பது தெரிந்துதான் பூட்டினேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு உதவி. வெரேனா அம்மாளின் அறிக்கையில் எங்கள் தீவுக்குப் பறவை வகை நாற்பத்திரண்டு என்று போட்டிருப்பார். அது நாற்பத்தொன்றுதான். யாராவது கடிதம் எழுதித் திருத்தச் சொல்லுங்கள். எங்கள் இடத்தைப் பற்றி ஒரு பொய்கூட வெளியே போகக்கூடாது.