மே மாதத்துக்காக மாட்டிய கன்வெர்ட்டர்

என் பெயர் லோர்னா கெஸ்லர். கணவர் பெயர் வெர்ன் கெஸ்லர். வயது நாற்பத்தாறு. தொழில், கிராமப்புறத் தபால் பட்டுவாடா. விலாசம், ஓக்லஹோமா மாநிலம், டில்மன் ஊருக்கு வெளியே கோதுமைக் கிடங்குச் சாலையில் மூன்றாவது வீடு. ஷெரிப் அலுவலகக் காவல் அதிகாரி டெபுடி பிரேடி விசாரித்ததில் நான் சொல்வதாவது.

தீப்பிடித்த பிக்கப் டிரக் என் கணவருடையது. அவர் போன வருடம் ஜனவரியில் வடக்கு டகோட்டாவுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனார். கிளம்பும்போது வண்டியின் பானட்டைத் தட்டி, "நான் வந்ததும் இதுக்குப் பெரிய கன்வெர்ட்டரா ஒண்ணு போடுவோம்டி. மே மாசப் பந்தயத்துல ஒருத்தனும் நம்ம கிட்ட நிக்க முடியாது" என்றார். வருடாவருடம் அந்தக் கால் மைல் பந்தயத்தில் அவர் ஓட்டுவார், நான் ஓரமாக நின்று தொண்டை கட்டும்வரை கத்துவேன். போன மே மாதம் அவர் வரவில்லை.

அதன் பிறகு இந்தப் பிப்ரவரியில் பழைய கன்வெர்ட்டர் பழுதாகி, மெக்கானிக் ஆர்வில் டாக்கெட்டிடம் வண்டியைக் கொண்டுபோனேன். எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பெட்டிக்குக் கொடுப்பது அதுதான். ஆர்வில் இரண்டைக் காட்டினார். ஒன்று, எஞ்சின் இரண்டாயிரம் சுற்றை எட்டும்போதே வண்டியைத் தள்ளும். மற்றது மூவாயிரத்து இருநூறு வரை வழுக்கிக்கொண்டே இருந்து பிறகு ஒரே பாய்ச்சலாகப் பாயும், பந்தயத்துக்கானது. நான் பெரியதைக் கேட்டேன்.

"உனக்கென்ன கிறுக்கா லோர்னா? தினம் முந்நூறு தபால் பெட்டிகிட்ட நின்னு நின்னு போறவ நீ. ஊர்ந்து போனா எண்ணெய் கொதிச்சுரும். சின்னதப் போட்டுக்கிட்டு நிம்மதியா இரு" என்றார்.

"ஓட்டப் போறது நான். பேசாம மாட்டு" என்றேன்.

எண்ணெய் சூடாகாமல் இருக்க ஒரு குளிர்விப்பானையும் அவராகவே மாட்டிக் கொடுத்தார். ஆகவே ஆர்வில் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அதன் பிறகு தினமும் அதிலேயே தபால் கொடுத்தேன், எங்கள் வேலைக்குச் சொந்த வண்டிதான். சாலையின் வலது ஓரத்துப் பெட்டிக்குக் கை எட்ட வேண்டுமே, அதனால் வலது ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது காலையும் இடது கையையும் நீட்டி ஓட்டுவேன். இடப்பக்கத்து ஓட்டுநர் இடம் காலியாக இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் பெடலை மிதித்தால் எஞ்சின் அலறும், வண்டி நகராது, பிறகு குதிக்கும். சனியன், ஓட்டவே பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த அலறலைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் காலி இடத்தில் அவர் இருக்கிற மாதிரி இருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி டெபுடி சொன்னார். வேறு கன்வெர்ட்டர் ஏன் மாற்றவில்லை என்று அவர்தான் கேட்டார், இதுதான் பதில்.

மார்ச் மாதம் கருகின வாடை வந்தது. ஆர்வில் கறுத்துப்போன எண்ணெயைத் துணியில் தொட்டுக் காட்டி, இனியாவது மாற்று என்றார். மே வரைக்கும் பொறு என்றேன்.

அதன் பிறகு ஏப்ரல் பதினொன்றாம் தேதி பகல் பதினொன்றரை மணிக்கு, எதிர்க்காற்றில் சரளைக்கல் மேட்டில் ஏறும்போது, எண்ணெய் பொங்கிச் சூடான புகைக்குழாயின் மேல் வழிந்து தீப்பிடித்தது. யாரும் தீ வைக்கவில்லை. தபால் தட்டுகள் எல்லாவற்றையும் நான் இறக்கிவிட்டேன், ஒரு கடிதமும் எரியவில்லை. தீயணைப்பு வண்டி வருவதற்குள் பிக்கப் முழுக்க எரிந்துபோனது. வேலியோரம் நின்று அழுதேன்.

அதன் பிறகு அங்கிருந்தே கணவருக்குப் போன் செய்து, அவர் ஆசைப்பட்ட கன்வெர்ட்டரைப் போட்டிருந்ததையும், வண்டி போனதையும் சொன்னேன்.

"எந்தக் கன்வெர்ட்டர்?" என்றார்.

"நீதானே போடணும்னு சொன்னே."

"அப்படியா சொன்னேன்? உனக்கு ஒண்ணும் அடிபடலையே?"

"இல்ல. மே மாசம் வர்றியா?"

"இனிமே அங்க எனக்கு என்ன இருக்கு லோர்னா?" என்றார்.

என் கணவர் இனி வரமாட்டார் என்பது விசாரணைக்குச் சம்பந்தமில்லை என்று டெபுடி எழுதாமல் விட்டார். வண்டி எரிந்ததற்குக் காரணம் கேட்டீர்களே, அவர் வருவார் என்று நான் நம்பியதுதான் காரணம் என்று சொல்லி எழுத வைத்தேன். இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். இதில் உள்ளது எல்லாம் உண்மை. கடைசியில் சேர்த்ததும் உண்மை.

(ஒப்பம்) லோர்னா கெஸ்லர்