ஜீப்பு வாசல்ல நிக்குது

லாரிக்கு அடியிலேர்ந்து வெளிய வர்ற உத்தேசம் இருக்கா, இல்ல நான் உங்க ரெண்டு காலையும் பாத்தே பேசிட்டுப் போகணுமா? பரவால்ல, படுத்துக்கிட்டே கேளுங்க. முகம்னா முறைக்கும். கால் பாவம், அதுக்கு முறைக்கத் தெரியாது.

யாருன்னு தெரியுதா? எட்டு வருஷமா ஒரு வீட்டோட பேச்சு வார்த்தை இல்லாம இருக்கீங்களே, அந்த வீட்டு மருமக. உங்க பழைய கூட்டாளியோட மகனைக் கட்டினவ. அட, ஸ்பேனர் சத்தம் நின்னுபோச்சு. சரி, காது நல்லாத்தான் கேக்குது.

எங்க வீட்டுக்காரர் சின்னப் பிள்ளையில உங்களை சித்தப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே பின்னாடி சுத்துவாராம். அப்ப எனக்கு நீங்க சின்ன மாமா. நீங்க ஒத்துக்கிட்டாலும் இல்லைன்னாலும் முறை முறைதான். என் இடுப்புல இருக்கிறது உங்க பேத்தி. இப்பத்தான் உங்க டப்பாவுலேர்ந்து ஒரு நட்டை எடுத்தா, வாயில போடறதுக்குள்ள பிடுங்கிட்டேன். வச்சிட்டேன் வச்சிட்டேன், எடுத்த டப்பாவுலயேதான்.

வந்த காரியம் என்னன்னா, அந்த ஜீப்பு ஓடுது. ஆமா, அதேதான். பின்னாடி சாமான் ஏத்தத் தொட்டி வச்சது, நாலு சக்கரமும் இழுக்கிறது. நான்தான் ஓட்டிட்டு வந்தேன், வாசல்ல நிக்குது. இஞ்சின் சூடானா மட்டும் மக்கர் பண்ணுது. நீங்க வந்து ஒரு தடவை காது குடுத்தா போதும்.

தொட மாட்டீங்களா? தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன்.

யாரு ரிப்பேர் பாத்ததா? நான்தான். சிரிக்கிறீங்க. கால் குலுங்குது பாருங்க, மறைக்க முடியாது. எங்கப்பா தண்ணி இறைக்கிற டீசல் இஞ்சினு வச்சிருந்தாரு. பள்ளிக்கூடம் விட்டு வந்தா எனக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கிற வேலை. நானும் பத்தாவது வரைக்கும் போனேன். இஞ்சின் தொறக்கப் படிச்ச அளவுக்கு அங்க ஒண்ணும் படிக்கல.

கல்யாணமாகி வந்தப்ப கொட்டகையில தார்ப்பாய்க்கு அடியில கிடந்துச்சு. டிரைவர் சீட்டுல கோழி முட்டை, ஏர் ஃபில்டர்ல எலிக் குடும்பம். மாமனாரு தார்ப்பாயோட நுனியைக்கூட தொட விடல. அது செத்த வண்டி, விடுன்னுட்டாரு. நானும் விட்டேன். அப்புறம் பாப்பா வயித்துல ஏழு மாசம். எங்க வீட்டுலேர்ந்து ரோட்டுக்கு நாலு கிலோமீட்டரு சேறு, எங்க வீட்டுக்காரருக்கு வெளியூர்ல வேலை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரும்போது வழியிலயே உக்காந்துட்டேன். கூட வந்த மாமனாருகிட்ட சொன்னேன், மாமா, ஒண்ணு அந்த வண்டி எழுந்திரிக்கணும், இல்ல நீங்க என்னைத் தூக்கிட்டுப் போகணும். என்னையும் பாத்தாரு, என் அளவையும் பாத்தாரு. மறுநாள் காலையில தார்ப்பாயை அவரே மடிச்சு வச்சிட்டாரு.

நான் தொடங்கறதுக்குள்ள இவ பொறந்துட்டா, அது வேற கதை. பெட்ரோல் டேங்க் உள்ள பூரா துரு. ஜல்லியும் மண்ணெண்ணெயும் போட்டு உலுக்கணும்ல? ரெண்டு கையிலயும் பிள்ளை இருக்கு, எப்படி உலுக்கறது? ஒரு உத்தரத்துல பாப்பாவுக்குத் தொட்டில், அடுத்ததுல டேங்குக்குக் கயிறு. ரெண்டையும் சேத்துக் கட்டி ஆட்டினேன். நாலு நாள்ல டேங்க் பளபளன்னு ஆயிருச்சு. ஆனா ஜல்லிச் சத்தம் இல்லாம இவளுக்குத் தூக்கம் வரல. இன்னும் டப்பாவுல நாலு கல்லு போட்டு ஆட்டிட்டுத்தான் இருக்கேன்.

மாமனாரு என்ன பண்ணாரா? பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உக்காந்து, செவுத்தைப் பாத்துக் குறை சொன்னாரு. வாரம் ஒரு அடி நாற்காலி கிட்ட வந்துச்சு. பிரேக்குக்கு எண்ணெய் ஊத்தினப்ப பெடலை மிதிக்க ஆள் இல்ல, அவரே ஏறி உக்காந்தாரு. இப்பல்லாம் ஞாயித்துக்கிழமையானா எனக்கு முன்னாடி கிரீஸ் டப்பாவோட நிக்கிறாரு. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டே இருந்தாரு. வேற எதை வேணா தொறந்துக்க, முன் சக்கரத்துக் கியர் பெட்டியைத் தொறக்காத.

தொறக்காதன்னா யாரு கேப்பா?

ஆமா, அந்தப் பெட்டிதான். நீங்க புது கியர் போட்டுக் குடுத்து ஒரு வாரத்துல, ஆத்துக்கு நடுவுல இழுக்காம நின்னுச்சே, அது. ஏத்தியிருந்த ஊர்க்காரங்க விதை மூட்டையெல்லாம் தண்ணியோட போச்சு. உங்க கியர் உடைஞ்சு போச்சுன்னு மாமனாரு சொன்னாரு, ஊரும் நம்புச்சு. பெரிய ரோட்டுல இருந்த பட்டறையை விட்டுட்டு நீங்க இந்த மரக்கடை சந்துக்கு வந்தீங்க. தொறந்து பாத்துடலாம்னு நீங்க கேட்டதுக்கு அவரு விடலையாமே. உங்க கைதான் எங்கயோ பிசகிருச்சோன்னு நீங்களே நெனச்சிருப்பீங்க. இல்லையா? சொல்ல வேண்டாம், விடுங்க.

உங்க கியர்ல ஒரு பல்லு உடையல, சின்ன மாமா. ஒரு கீறல்கூட இல்ல. நேத்து மாட்டின மாதிரி இருந்துச்சு.

அப்புறம் ஏன் இழுக்கலையா? அந்த வண்டியில முன் சக்கரத்து நடுவுல ரெண்டு பக்கமும் குமிழ் இருக்குல்ல. இறங்கி அதைத் திருப்பி வச்சாத்தான் முன் சக்கரம் இழுக்கும், உள்ள உக்காந்து கியர் கம்பியை எவ்வளவு இழுத்தாலும் நடக்காது. உங்களுக்கே சொல்றேன் பாருங்க. ரெண்டு குமிழும் திருப்பாம அப்படியே துருப்பிடிச்சு இறுகிப் போயிருந்துச்சு. மூணு நாள் மண்ணெண்ணெயில ஊறப் போட்டுத் தட்டித்தான் திருப்பினேன். அன்னைக்கு மாமனாரு இறங்கித் திருப்ப மறந்துட்டாரு, அவ்வளவுதான்.

அவருக்குத் தெரியுமாவா? அன்னைக்கே தெரியுமாம். கரைக்கு இழுத்துப் போட்டு சேத்தைக் கழுவும்போதே பாத்துட்டாராம். ஆனா அதுக்கு முன்னாடியே கரையில அத்தனை பேரு சுத்தி நின்னு என்னாச்சுன்னு கேக்க, வாயில வந்தது உங்க பேரு. வந்த வார்த்தையை அப்புறம் எடுக்க முடியல. ராவோட ராவா குமிழைத் திருப்பி வச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதுக்கு மட்டும் கை வரலையாம். தார்ப்பாயைப் போட்டு மூடிட்டாரு.

வெளிய வந்துட்டீங்களா. அந்தச் சுத்தியலை மட்டும் கீழ வச்சிருங்க, பிள்ளை இருக்கா. முகத்தைத் துடைங்க. அந்தத் துணியில வேண்டாம், இன்னும் கறுப்பாகும்.

வண்டிக்குப் பெருசா ஒண்ணும் இல்ல, சின்ன மாமா. சூடானா நிக்கிறது எதனாலன்னு எனக்கே தெரியும், நானே சரி பண்ணிடுவேன். வாசல்ல, வண்டியில பக்கத்து சீட்டுல மாமனாரு உக்காந்திருக்காரு. உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னு ஒரு வாரமா ஸ்டீயரிங்கைப் பாத்து சொல்லிச் சொல்லிப் பாக்கறாரு. ரெண்டு வார்த்தை வருது, அப்புறம் இருமிட்டு இறங்கிடறாரு. இப்பவும் நான் உள்ள கார்புரேட்டரைப் பத்திப் பேசிட்டு இருக்கேன்னுதான் நெனச்சிட்டிருக்காரு.

கத்தணும்னா இங்கேயே என்கிட்ட கத்தி முடிச்சிடுங்க, நான் தாங்குவேன். அந்த மனுசன் தாங்க மாட்டாரு. முடிச்சிட்டு வெளிய வந்து, ஒண்ணும் தெரியாத மாதிரி பானெட்டைத் தொறங்க. அவரு தொடங்குவாரு. எவ்வளவு நேரம் ஆனாலும் குறுக்க பேசாம, இப்பத்தான் முதல்முதலா கேக்கற மாதிரி கேட்டுக்கங்க.