அப்பாவின் தலை

செய்னி: அப்பா, கடைசியா என்ன சாப்பிட்டீங்க? நிஜத்தைச் சொல்லுங்க.

மனாசே: ஒண்ணுமில்லம்மா. ஒரு வாய் தண்ணி.

செய்னி: சட்டையெல்லாம் தேங்காப்பால் வாடை அடிக்குது.

மனாசே: ஞாயித்துக்கிழமைல்ல... இன்னிக்கு ஊரே அந்த வாடைதான்.

செய்னி: அப்பா...

மனாசே: சரி, சரி. தேங்காப்பால் ஊத்தி இலையில சுட்ட ஒரு பொட்டலம் லூ. சின்னதுதான். உங்க அத்தை இலையைப் பிரிச்சு கறியோட கையில வச்சுட்டா. அக்கா குடுத்தா வேண்டாம்னு சொல்ற வழக்கம் நம்மகிட்ட உண்டா?

செய்னி: இவ்வளவு வலியோடவா?

மனாசே: வலி பொல்லாததுதான். அக்கா அதைவிட.

செய்னி: கவா வேர்ச்சாறும் குடிச்சீங்களா?

மனாசே: ரெண்டு சிரட்டை... மூணு.

செய்னி: நல்லா இருக்கு போங்க! நிறைஞ்ச வயித்தோட மயக்க மருந்து குடுத்தா, உள்ள இருக்கிறது மேல ஏறி நுரையீரலுக்குப் போயிடும். அதான் துருவித் துருவிக் கேக்குறேன். குடல் இறங்கி அடிவயித்துல மாட்டி வீங்கியிருக்கு. இப்பவே அறுத்தாகணும்.

மனாசே: டாக்டர் ஹோலா அறுக்கட்டும். கைராசிக்காரன். அதுல எனக்கு ஒண்ணுமில்ல. தூங்க வைக்கிறது யாரு?

செய்னி: இந்தத் தீவுல வேற யாரு இருக்கா? நான்தான்.

மனாசே: அப்போ நான் முழிச்சுக்கிட்டே படுத்திருக்கேன்.

செய்னி: விளையாடாதீங்கப்பா.

மனாசே: யாரு விளையாடுறா? நீ எங்க நிப்ப?

செய்னி: தலைமாட்டுல.

மனாசே: கை?

செய்னி: ...தாடையைத் தூக்கிப் பிடிக்கணும். நெத்தியில ஒரு கை இருக்கும்.

மனாசே: அப்பன் தலையில! பொறந்ததுல இருந்து ஒரு தடவை தொட்டிருக்கியா நீ?

செய்னி: இல்ல. தொட விட்டதில்லையே நீங்க.

மனாசே: எங்கப்பன் தலையை அவரு சாகுற வரைக்கும் நான் தொட்டதில்ல. பாயைத் தாண்டும்போதுகூட கால்மாட்டுல சுத்திப் போவேன். அதுதான்டி நம்ம மரியாதை!

செய்னி: கத்தாதீங்கப்பா. திரைக்கு அந்தப் பக்கம் சித்தப்பாங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க.

மனாசே: உக்காரட்டும். நல்லா கேக்கட்டும். ஏன், முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப்போக வைப்பீங்கல்ல? அதைப் போடு.

செய்னி: தென்னை மரத்துல இருந்து விழுந்து முதுகு முழுக்க கம்பி வச்சிருக்கீங்க. ஊசியை எங்க இறக்குறது?

மனாசே: விமானத்துல தலைநகரத்துக்கு அனுப்பு.

செய்னி: ஞாயித்துக்கிழமை விமானம் ஏதுப்பா? அவசரத்துக்கு ஒண்ணு கேட்டோம். இந்தக் காத்துல வரமாட்டேன்னுட்டாங்க.

மனாசே: எல்லாம் உன்னாலதான். பதினஞ்சு வருஷம் குழந்தைங்க டாக்டர். ஊர்ல பாதிப் பிள்ளைங்களுக்கு உன் பேரை வச்சிருக்காங்க. அதை விட்டுட்டு நாப்பத்து மூணு வயசுல கடல் தாண்டி சுவா காலேஜுக்குப் போயி, சின்னப் பசங்களோட பெஞ்சுல உக்காந்து, தூங்க வைக்கப் படிச்சியே! நம்ம பாதிரியார் வாராவாரம் அதைத்தானே பண்றாரு? அதுக்கு ஒரு படிப்பா?

செய்னி: சிரிக்காதீங்க, வலி கூடும்.

மனாசே: எதுக்குப் போன? இதுவரைக்கும் வாயைத் திறந்து சொல்லல நீ.

செய்னி: ...லெசியை ஞாபகம் இருக்கா? மீன்காரர் கெபு பொண்ணு. குடல்வால் வெடிச்சு வந்தா. என்ன நோய்னு எனக்குத் தெரியும். அறுக்க ஹோலா கையைக் கழுவிட்டு நிக்கிறாரு. மயக்கம் குடுக்கிறவரு ஆஸ்திரேலியாவுக்குப் போயி ஆறு மாசம் ஆச்சு. விமானத்துக்குக் காத்திருந்தோம். என் மடியிலயே போயிட்டாப்பா. அதுக்கப்புறம் எனக்குக் காய்ச்சல் மருந்து எழுதவே கை வரலை.

மனாசே: அதான் போனியா?

செய்னி: படிச்சுட்டு வந்தேன். பொம்பளைங்க வர்றாங்க, பிள்ளைங்க வருது. சித்தப்பா, பெரியப்பான்னு இந்தத் தீவுல பாதி ஆம்பளைங்க எனக்கு அப்பன் முறை. ஒருத்தரும் தலையைக் குடுக்க மாட்டேங்குறாங்க. போன மாசம் வாய்லா சித்தப்பா விமானம் வர்றதுக்குள்ள ஒரு காலையே இழந்துட்டாரு. இப்படியே போனா என்னைத் தலைநகரத்துக்கு மாத்திடுவாங்க. இங்க மறுபடியும் ஆள் இருக்காது.

மனாசே: ம்...

செய்னி: இப்போ நீங்களும் அதையே சொன்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு அப்பன் வேணும்ப்பா. தலை தொடாத மரியாதையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

மனாசே: அப்போ கேளு. முறையாக் கேளு.

செய்னி: அப்பா... உங்க தலையைத் தொட எனக்கு அனுமதி குடுங்க.

மனாசே: காது கேக்கல.

செய்னி: உங்க தலையைத் தொட அனுமதி குடுங்கப்பா!

மனாசே: குடுத்தேன்! நான் பெத்த பொண்ணு, டாக்டர் செய்னி, என் தலையைத் தொடலாம்! ஒரு குத்தமும் இல்ல! நானே மனசாரக் குடுக்கிறேன்!

செய்னி: ஐயோ, மெதுவா... மூச்சு வாங்குது பாருங்க.

மனாசே: குனி... இன்னும் கிட்ட வா. உன் சித்தப்பனுங்க கேட்டானுங்களா?

செய்னி: துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். வாய்லா சித்தப்பா கட்டையை ஊனி எழுந்தே நிக்கிறாரு.

மனாசே: நல்லது. நல்லது.

செய்னி: அப்பா... ஒண்ணு கேக்கணும். சர்ச்சுல பாடுறப்பதான் வலி வந்துச்சுன்னீங்க. இது இன்னிக்கு வந்த வீக்கம் இல்லைங்கிறாரு ஹோலா.

மனாசே: அவனுக்குக் கண்ணும் நல்லாத்தான் இருக்கு.

செய்னி: எப்ப ஆரம்பிச்சுது?

மனாசே: ...நேத்து மத்தியானம்.

செய்னி: நேத்தா! நேத்து சாயங்காலம் விமானம் இருந்துச்சே! அப்பா, குடல் அழுகியிருந்தா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? உங்களுக்கு என்ன பைத்தியமா?

மனாசே: திட்டு, ஆனா மெதுவா. விமானத் திடல் வேலியோரம் நின்னு அது கிளம்புறதைப் பாத்துட்டுதான் வீட்டுக்குப் போனேன். நான் அதுல ஏறியிருந்தா, நாளைக்கு எந்தச் சித்தப்பன்டி உன்கிட்ட வருவான்? ...அழாத. அந்தக் கையுறையைக் கழட்டு. முதல்ல வெறுங்கையால தொடு.